வலி போச்சு, ஜவ்வு தயாராகவில்லை

பதினேழு வயதுப் பையன். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம். போன வாரம் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி என் அறைக்குள் வந்தான். முழங்கால் வீங்கிப் பளபளத்தது.

"அரை இறுதி சார். வலி துளிகூட இல்லை. பிரார்த்தனை பண்ணிட்டுத்தான் இறங்கினேன்."

பந்தோடு திரும்பும்போது 'டப்' என்று கேட்டதாம். மிச்சத்தை ஸ்கேன் சொன்னது. இந்த வருடம் இப்படி என்னிடம் வந்த நாலாவது பிள்ளை இவன். அதனால்தான் எழுதுகிறேன்.

வலி இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று யார் சொன்னது? பெற்றோர், கோச், கூட ஆடும் பையன்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக, பெரும்பாலும் அவனுடைய காலிலிருந்தே ஒரு நாரை எடுத்துப் பொருத்துகிறார்கள். பொருத்தியதும் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து அது ஜவ்வாக மாற மாதக்கணக்கில் ஆகும். நடுவில் சில மாதங்கள், பொருத்திய நாளில் இருந்ததைவிடவும் பலம் குறைந்து கிடக்கும். வீக்கம் வடிந்து, பிள்ளை ஓட ஆரம்பித்து, வீடே நிம்மதியாவதும் கிட்டத்தட்ட அந்தச் சமயத்தில்தான். ஜவ்வு பலவீனமாக இருந்தால் வலிக்காது. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

அமெரிக்காவின் டெலவேரும் நார்வேயின் ஆஸ்லோவும் சேர்ந்து செய்து 2016-இல் வந்த ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் பொறுக்கும்போதும் மறுபடி காயமாகும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாங்கள் ஒன்பது மாதம் என்று பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கடவுள் நம்பிக்கையை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அலுப்பான பயிற்சியை எட்டாவது மாதத்திலும் விடாமல் செய்யும் பிள்ளைகளில் பலர் அந்தப் பலத்தில்தான் செய்கிறார்கள். "நம்பிக்கை இருந்தா இறங்குடா" என்று உசுப்பேற்றும் பெரியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். கொலம்பியாவின் கால்பந்து வீரர் ராடமெல் ஃபால்காவ் தன் கிறிஸ்தவ நம்பிக்கையை வெளிப்படையாகப் பேசுபவர். 2014 ஜனவரியில் அவருக்கும் இதே ஜவ்வு கிழிந்தது. ஜூனில் உலகக் கோப்பை. எவ்வளவோ முயன்றும் கால் தயாராகவில்லை. அணி அவர் இல்லாமல் போனது. உலகக் கோப்பையில் தன் முதல் கோலை அவர் அடித்தது 2018-இல், போலந்துக்கு எதிராக, 32 வயதில். நாலு வருடம் காத்திருந்தார். உங்கள் பிள்ளைக்கு இன்னும் நாலு மாதம் தர முடியாதா?

சரி, செய்ய வேண்டியது. ஒன்பது மாதத்துக்கு முன் மேட்ச் வேண்டாம். ஒன்பது மாதம் ஆனாலும், ஆபரேஷன் ஆன காலின் தொடைப் பலம், மறு காலின் பலத்தில் குறைந்தது 90 சதவீதம் வரட்டும். ஒற்றைக்கால் தாவலை அளந்து பார்க்கட்டும். கோச்சுகளே, ஃபிஃபாவின் '11+' வார்ம்-அப்புக்கு 20 நிமிடம்தான் ஆகும், அதை வெட்டாதீர்கள். அப்புறம், விளையாடும்போது 'டப்' என்று கேட்டு சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கினால், எண்ணெய் போட்டு உருவிவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தப் பையன் நேற்று மறுபடி வந்தான். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தச் சொன்னேன், பத்து முறை. கண்ணை மூடி, உதடு அசைய எண்ணினான். பத்து முடிந்ததும் கண்ணைத் திறந்து, "இன்னும் அஞ்சு பண்ணட்டுமா சார்?" என்றான். வேண்டாம் என்றேன். துண்டை எடுத்து மடித்து வைத்தான்.