கேதாருக்குப் போகும் பையிலிருந்து அந்தக் காட்டன் பனியனை எடுங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து கிளினிக்குகளுக்குத் தனியாக ஒரு கூட்டம் வரும். காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது. கேதார்நாத்துக்கு, அமர்நாத்துக்கு, நேபாளத்து முக்திநாத்துக்குப் போக மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டும். பிரஷர் பார்த்து, ஈசிஜி பார்த்து, கையெழுத்துப் போடும்போது "குளிருக்கு என்ன எடுத்து வச்சிருக்கீங்க ஆச்சி?" என்று கேட்டால் பதில் மாறுவதே இல்லை. "கெட்டியா ஒரு ஸ்வெட்டர் இருக்கு தம்பி, மகன் வெளிநாட்டுலேருந்து வாங்கியாந்தது. அது போதும்."

போதாது. இந்த வருஷமும் ஒருவர் பாதி மலையில் நடுக்கம் எடுத்து உட்கார்ந்து, மருத்துவ முகாமில் கம்பளி சுற்றிக் கிடத்தப்பட்டு, சாமி பார்க்காமலே கீழே இறக்கப்பட்டார். மேலே போட்டிருந்தது தடித்த ஜாக்கெட். உள்ளே, தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல வியர்வையில் ஊறிய காட்டன் பனியன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

துணியின் கனம்தான் குளிரைத் தடுக்கிறது என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். தடுப்பது துணிக்குள் சிறைப்பட்டு நிற்கும் காற்று. செட்டிநாட்டு வீட்டுக் கூரையை அண்ணாந்து பாருங்கள். நாட்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேய்ந்திருப்பார்கள். பங்குனி வெயில் கூடத்துக்குள் இறங்காமல் இருப்பதில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே நிற்கும் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. உடம்புக்கும் அதே கணக்குதான். ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய மூன்று துணி கூடுதலாகச் சூடு காக்கும். முக்கியமாக, மூன்றில் ஒன்றைக் கழற்ற முடியும். ஒற்றை ஸ்வெட்டரில் பாதியைக் கழற்ற முடியாது.

இதைச் சொன்னால் தலையாட்டி விடுவார்கள். அடுத்ததைச் சொன்னால்தான் சண்டைக்கு வருவார்கள்: காட்டனைத் தொடாதீர்கள்.

"காட்டன்தானே டாக்டர் உடம்புக்கு நல்லது?" இங்கே நல்லது. காரைக்குடியின் வெயிலுக்குக் காட்டன் பனியனையும் கண்டாங்கிச் சேலையையும் விட்டால் வேறு கதி இல்லை. ஆனால் ஏன் நல்லது என்று யோசியுங்கள். அது வியர்வையை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொண்டு, மெதுவாக ஆவியாக்கி, உடம்பைக் குளிர வைக்கிறது. மண்பானை செய்யும் அதே வேலை. கசிந்த ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. அந்த மண்பானையை நெஞ்சில் கட்டிக்கொண்டு 3,000 மீட்டர் உயரத்தில், காற்று வீசும் இடத்தில் நிற்பதற்குச் சமம் நனைந்த காட்டன் பனியன். நின்ற காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். அதற்கு மேல் எவ்வளவு விலைக்கு ஜாக்கெட் போட்டாலும் உள்ளே குளிர்ந்துகொண்டுதான் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பாருங்கள். ஒரு காட்டன் பனியன், பேரன் விளையாடப் போட்டுக்கொள்ளும் வழவழப்பான பாலியெஸ்டர் ஜெர்சி, இரண்டையும் நனைத்து ஒரே மாதிரி பிழிந்து, வெயில் படாத பட்டாசாலையில் கொடியில் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் 'தெர்மல்' என்று கேட்டால் கொடுப்பதெல்லாம் நமக்கு ஆகாது. கழுத்துப் பின்பக்கமோ இடுப்புத் தையலிலோ இருக்கும் சின்னச் சீட்டைத் திருப்பிப் படியுங்கள். காட்டன் பாதி, பாலியெஸ்டர் பாதி என்று பல தெர்மலில் போட்டிருக்கும். வீட்டில் போர்த்திப் படுக்க அது சரி, மலை ஏற உதவாது. பாலியெஸ்டர் என்றோ மெரினோ கம்பளி என்றோ மட்டும் இருக்க வேண்டும். மெரினோ விலை அதிகம், ஆனால் ஈரம் ஏறினாலும் ஓரளவு சூடு தரும், நாற்றமும் அடிக்காது. கட்டுப்படியாகாவிட்டால் உடம்பை ஒட்டி நிற்கிற மாதிரி முழுக்கை ஜெர்சி போதும். தொளதொளவென்று இருந்தால் வியர்வையை இழுக்காது.

அதன்மேல் இரண்டாவது அடுக்கு: ஃப்ளீஸ், அதாவது பஞ்சுபோல மெத்தென்று இருக்கும் பாலியெஸ்டர் துணி. சீட்டில் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) என்று இருப்பது கேதார்நாத்துக்குப் பொருத்தம். ஆச்சிமார் கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டரும் நல்லதுதான், கனமும் காய நேரமும் கூடுதல், அவ்வளவே. மூன்றாவது அடுக்கு காற்றும் மழையும் உள்ளே வராத, தலைமூடி உள்ள மழைக்கோட்டு. அக்குளில் ஜிப் வைத்தது கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், கோட்டைக் கழற்றாமலே உள் வெப்பத்தை வெளியே விடலாம். வழியில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் மேலுறை காற்றில் கிழியும், உள்ளே வியர்வையை ஆவி பிடித்ததுபோலத் தேக்கும். கையில் வேறொன்றும் இல்லாத மழைக்கு மட்டும் அது. இறகு அடைத்த பஃபர் ஜாக்கெட்டைப் பையில் வையுங்கள், நின்ற பிறகு போட்டுக்கொள்ளுங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் வியர்க்கும், நனைந்தால் இறகு கட்டி தட்டிச் சூடு போய்விடும்.

வாங்கிவிட்டால் மட்டும் ஆகாது, போடவும் கழற்றவும் வேண்டும். நம் ஆட்கள் இருக்கிற அத்தனையையும், கேதார்நாத் நடை தொடங்கும் கௌரிகுண்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். கௌரிகுண்ட் ஏறத்தாழ 2,000 மீட்டர், கேதார்நாத் 3,583 மீட்டர். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் குறையும், ஆக ஒரே நாள் நடையில் 10 டிகிரி வித்தியாசம். கீழே வியர்த்து ஊறியது மேலே போனதும் உறைய வைக்கும். கிளம்பும்போது இலேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடம் நடந்தால் தானாகச் சூடேறும். கழுத்தில் கசகசப்புத் தெரிந்த உடனே ஃப்ளீஸைக் கழற்றுங்கள், வியர்வை வழியும்வரை காத்திருக்காதீர்கள். டீக்கடையில் உட்காரப் போகிறீர்களா, டீ சொல்வதற்கு முன்னால் திரும்பப் போடுங்கள். குளிர் தெரிந்த பிறகு போட்டால் இழந்த சூட்டை மீட்க நேரம் பிடிக்கும்.

குதிரையிலும் டோலியிலும் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. நடப்பவருக்கு உடம்பே அடுப்பு. உட்கார்ந்து போகிறவருக்கு அந்த அடுப்பு எரியவில்லை, ஆனால் காற்று அதே காற்று. மகன் நடந்து வருகிறார், வேர்த்து விறுவிறுத்து "குளிரே இல்லையேம்மா" என்கிறார். டோலியில் இருக்கும் எழுபது வயது ஆத்தாவுக்கு உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறது. உட்கார்ந்து போகிறவருக்கு எப்போதும் ஓர் அடுக்கு கூடுதல், முழங்காலுக்குமேல் ஒரு கம்பளி, மணிக்கொரு முறை இறக்கி நாலடி நடக்க விடுவது. ஹெலிகாப்டர் என்றால் எல்லாவற்றையும் உடுத்திக்கொண்டே ஏறுங்கள். சில நிமிடத்தில் மேலே இறக்கிவிடுவார்கள், பெட்டியோ கீழே நிற்கும்.

சேலை விஷயம். கோபப்படாமல் கேளுங்கள். அமர்நாத் கோயில் வாரியமே பெண் யாத்ரீகர்களைச் சேலை தவிர்க்கச் சொல்கிறது. கொசுவம் ஈரத்தையும் சேற்றையும் உறிஞ்சி முழங்கால்வரை ஏற்றிவிடும், குதிரைச் சேணத்தில் மாட்டும். கீழே தெர்மல் பேண்ட், அதற்குமேல் பாலியெஸ்டர் பேண்ட் அல்லது சுடிதார். சேலையைப் பையில் கொண்டுபோய்ச் சன்னிதிக்குமுன் மாற்றிக்கொண்டால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். ஆண்களே, வேட்டிக்கும் இதுதான். ஜீன்ஸும் காட்டன்தான், நனைந்தால் காயவே காயாது.

முக்திநாத் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 3,700 மீட்டருக்குமேல், கோயிலின் 108 நீர்த்தாரையில் குளித்த ஈரத்தோடு வரிசையில் நிற்காதீர்கள். குளிக்கப் போகுமுன்பே மாற்றுடையைப் போடும் வரிசையில் அடுக்கி, உள்ளாடை மேலே இருக்கும்படி, குளிக்காத ஒருவர் கையில் கொடுங்கள். தலையைத் துவட்டி, ஈரத்தை முழுக்க உரித்துவிட்டு, பிறகு பெருமாளைச் சேவியுங்கள். இதய நோயாளிகள் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்துங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

காலுறை இரண்டு ஜோடி போட்டு ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். ஒரு கம்பளிக் காலுறை, விரல் அசைகிற அளவுக்குப் பெரிய ஷூ. மூன்று ஜோடியாவது எடுங்கள், அதில் ஒன்றையும் இரவுக்கான ஒரு செட் உள்ளுடையையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள். எவ்வளவு மழை பெய்தாலும் அந்த உறையைத் தங்குமிடத்தில்தான் பிரிக்க வேண்டும். மங்கி கேப்பைக் கேலி செய்ய மாட்டேன், அது உருப்படியான சாமான்.

சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்வு குறைவு. "எனக்குக் கால் குளிரவே இல்லை" என்று பெருமையாகச் சொல்வது இவர்கள்தான். தங்குமிடத்தில் வெந்நீர்ப் பையைக் காலில் வைத்துக் கொப்புளத்தோடு வருவதும் இவர்கள்தான். பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கைகால் சீக்கிரம் ஜில்லிடும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், கையுறையைக் கூட்டுங்கள். தைலம் தேய்த்தால் சூடு வந்த மாதிரி இருக்கும், வராது. பிராந்தி அதைவிட மோசம், தோலுக்கு ரத்தத்தை இழுத்து உள்சூட்டை வெளியே கொட்டிவிடும்.

கூட வருகிறவரின் பேச்சைக் கவனியுங்கள். நாக்குக் குழறுகிறதா, ஜிப்பைப் போட விரல் தடுமாறுகிறதா, கால் இடறுகிறதா, உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்கு இறங்குகிறது என்று அர்த்தம். காற்று வீசாத இடம், ஈரத்துணியைக் கழற்றுவது, காய்ந்த துணி, பையின்மேல் உட்கார வைப்பது, நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை தூக்கலாகப் போட்ட சூடான டீ. கையைக் காலைப் பரபரவென்று தேய்க்காதீர்கள். நடுக்கம் நின்று தூக்கம் வருகிறது என்றால் "சரியாயிடுச்சு" என்று விடாதீர்கள். நடுங்கக்கூடச் சக்தி இல்லை என்று பொருள், அடுத்த நிமிடமே மருத்துவ முகாமுக்குத் தூக்குங்கள். தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் அது உயரத்தால் வருவது, அதற்கு ஸ்வெட்டர் மருந்தில்லை, கீழே இறங்க வேண்டும்.

இனி சர்டிபிகேட்டுக்கு வருகிறவர்கள் ஆதார் நகலோடு அந்தத் துணிப்பையையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். சீட்டைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.