வடித்த தயிரைச் ‘சுவைச்சாறு’ ஆக்காதீர்கள்

மதுரையில் அச்சாகும் உணவுப் பட்டியல்கள், சமையல் துண்டுத்தாள்கள் பலவற்றுக்கு மெய்ப்புப் பார்ப்பவன் நான். போன வாரம் வந்த ஒரு பட்டியலில் ‘கிரேக்க வெள்ளரிச் சுவைச்சாறு’ என்று இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில், ‘கிரேக்கத் தயிர், வெள்ளரி, பூண்டு சேர்த்தது’. இந்த ஆண்டில் இதை நான் பார்ப்பது நான்காவது முறை. மூன்று முறை சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். இந்த முறை காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

இந்த உணவின் பெயர் கிரேக்கத்தில் ‘ட்ஸாட்ஸிகி’. துருக்கியரின் ‘ஜாஜிக்’ என்ற சொல்லே அங்கே போய் இப்படி ஆனது; கிரேக்க மொழியில் ‘ஜ’ ஒலி இல்லை. துருக்கியில் அதை நீர் விட்டுத் தளர்த்தியும் குடிப்பார்கள், கிரேக்கத்தில் கெட்டியாக வைத்துத் தொட்டுக்கொள்வார்கள். ‘யோகர்ட்’ என்பதும் துருக்கிச் சொல்தான். பிசைவது என்ற பொருளுள்ள வினையோடு உறவுடையது. பெயரை அப்படியே எழுத விரும்புகிறவர்கள் ‘சாச்சிக்கி’ என்று எழுதலாம். மெய்யெழுத்தில் தொடங்கி ‘ட்ஸா’ என்று எழுதினால் தமிழ் நாக்கு முதல் எழுத்திலேயே இடறும்.

இனி ‘சுவைச்சாறு’. சாஸ் என்பதற்கு இந்தச் சொல்லை யார் முதலில் ஆக்கினாரோ, சாஸும் சாறும் காதில் ஒன்றுபோல ஒலித்ததில் மயங்கியிருக்க வேண்டும். சாஸ் என்ற சொல்லின் வேர் லத்தீனில் உப்பைக் குறிப்பது. சாற்றுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தமிழில் சாறு என்றால் பிழிந்து எடுப்பது: கரும்புச்சாறு, எலுமிச்சைச்சாறு. பழைய ஆட்கள் ரசத்தையும் சாறு என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அது ஓடும் பொருள்.

இந்த உணவைச் செய்து பாருங்கள், சொல்லின் பிழை கையிலேயே தெரியும். அரை கிலோ கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, கீழே பாத்திரம் வைத்து, நான்கைந்து மணி நேரம் குளிர்பெட்டியில் வடியவிட வேண்டும். ஏறக்குறைய பாதி தெளிநீராக இறங்கிவிடும். ஒரு வெள்ளரிக்காயைத் துருவி, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறிக் கால் மணி நேரம் வைத்தால் துருவல் தன் நீரிலேயே மிதக்கும். அதை உள்ளங்கையில் அள்ளி இறுக்கிப் பிழிந்தால், விரல் இடுக்குகளில் வெளிர்பச்சை நீர் ஒழுகி, கையில் எலுமிச்சம்பழம் அளவு உருண்டைதான் மிஞ்சும். பிறகு இரண்டு பல் நசுக்கிய பூண்டு, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய், சில துளி எலுமிச்சை அல்லது வினிகர், சதகுப்பைக் கீரையோ புதினாவோ. அவ்வளவுதான். பாடு முழுவதும் சாற்றை வெளியேற்றுவதில் இருக்கிறது. அந்தப் பாட்டையெல்லாம் பட்டு முடித்த பிறகு அதற்குச் சாறு என்று பெயர் வைப்பது எப்படிச் சரியாகும்?

‘ரைத்தா’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ‘ராய்’ என்றால் இந்தியில் கடுகு, அதிலிருந்து வந்த பெயர் அது. இந்த உணவில் கடுகே கிடையாது. தயிரில் காயைச் சேர்த்தால் நம் வீடுகளில் பச்சடி. கிரேக்க நாட்டு உணவு என்பதால் ‘கிரேக்க வெள்ளரிப் பச்சடி’ என்றால் போதும். பச்சடிக்குத் தாளிக்க வேண்டுமே என்று ஒரு நண்பர் மறுத்தார். தாளிக்காத பச்சடியை அவர் சாப்பிட்டதே இல்லையா? டிப் என்பதற்கு என்ன எழுதுவது என்று திண்டாடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ‘தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?’ என்று நாள்தோறும் கேட்கிற மக்கள் நாம்.

என்னை அதிகம் வருத்துவது ‘கிரேக்கத் தயிர்’தான். கிரேக்கர்கள் அதைக் கிரேக்கத் தயிர் என்று சொல்வதில்லை. அவர்கள் மொழியில் அதன் பெயருக்கு ‘வடித்தது’ என்றே பொருள். செய்முறையைச் சொல்லும் சொல்லை எறிந்துவிட்டு, கடைக்காரர் ஒட்டிய நாட்டுப் பெயரை மொழிபெயர்க்கிறோம். இதன் விளைவை என் அக்கா வீட்டில் பார்த்தேன். ஒரு துண்டுத்தாளில் ‘கிரேக்கத் தயிர் இரண்டு கப், இல்லையெனில் சாதாரணத் தயிர்’ என்று இருந்தது. வடிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அக்கா பாக்கெட் தயிரை அப்படியே ஊற்றினார்; வெள்ளரியையும் பிழியவில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க நிற்கும் கூட்டத்துக்குப் பந்தலில் ஊற்றுவார்களே நீர்மோர், அதுபோல ஆகிவிட்டது. “இதைத் தொட்டுக்கொள்வதா, குடிப்பதா?” என்று அத்தான் கேட்டார். பிழை அக்காவுடையது அல்ல. சொல் தன் வேலையைச் செய்யவில்லை.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘முளிதயிர்’ என்று எழுதச் சொன்னார். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் வரும் அழகான சொல், மறுக்கவில்லை. அந்தப் பாட்டில் தலைவி தயிரைப் பிசைவதைப் படிக்கும்போது ‘யோகர்ட்’ என்ற துருக்கிச் சொல்லின் பொருளும் நினைவுக்கு வருகிறது. ஆனால் முளிதயிர் நன்றாகத் தோய்ந்து முற்றிய தயிர். நீரை வடித்தது என்ற செய்தி அதில் இல்லை. பழைய சொல் என்பதற்காக வேறு பொருளின் மேல் அதைப் போர்த்தக் கூடாது.

‘வடிதயிர்’ என்று சுருக்கலாமா என்று நானும் யோசித்தேன். வடிகஞ்சி தடுத்தது. வடிகஞ்சி என்றால் வடிந்து வெளியே வந்தது. அந்தப் போக்கில் வடிதயிர் என்றால் கீழே பாத்திரத்தில் இறங்கிய தெளிநீரையே குறித்துவிடும். ‘வடித்த சோறு’ என்றால் குழப்பமில்லை, பானையில் நிற்பது. அதே அமைப்பில் ‘வடித்த தயிர்’. சோறு வடிக்கத் தெரிந்த எவருக்கும் விளக்கம் வேண்டாம், துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் ஒரு முறை அடுப்படிக்குப் போய் வந்தால் இத்தகைய சொற்கள் தாமாகவே கிடைக்கும். போவதில்லை; ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

அந்த உணவகத்தார் ‘பச்சடி’யை ஏற்றுக்கொண்டார்கள். ‘வடித்த தயிர்’ மட்டும் வீட்டுச் சொல் போல இருக்கிறதாம். ‘கிரேக்கத் தயிர்’ என்றால்தான் விலைக்குப் பொருந்துமாம். இரண்டாம் மெய்ப்பு நேற்று மேசைக்கு வந்தது. மறுபடியும் அடித்து, ஓரத்தில் ‘வடித்த தயிர்’ என்று எழுதித்தான் அனுப்பியிருக்கிறேன்.