எந்த ஆட்டை வாங்குவது? முதலில் தழையை எடை போடுங்கள்

நன்றாகத் தீனி போட்டால் சானென் இன வெள்ளாடு நாளுக்கு மூன்று லிட்டருக்கு மேல் பால் கறக்கும். அதே ஆட்டைக் காய்ந்த புல்லையும் வேலியோரத் தழையையும் மட்டும் நம்பி வைத்தால் பால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், முதுகெலும்பும் விரலில் தட்டுப்படத் தொடங்கும். ஓர் இனம் அதிகபட்சம் எவ்வளவு தரக்கூடும் என்பதைத்தான் அதன் பெயர் காட்டும். அதில் எவ்வளவு கைக்கு வரும் என்பதைத் தீவனம், வெப்பம், குடற்புழு ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. அதனால் குடும்ப அளவிலான பண்ணைக்கு இனம் தேடுகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது தராசு.

கணக்கு இப்படி. எந்தத் தழையைப் போடப்போகிறீர்களோ அதில் ஒரு கிலோ வெட்டி, மொறுமொறுவென்று காயும்வரை உலர்த்தி மீண்டும் நிறுங்கள். பெரும்பாலான பசுந்தழை 200 முதல் 300 கிராம் வரை நிற்கும். அதுதான் உலர்பொருள், மீதியெல்லாம் தண்ணீர். பால் வற்றிய ஆட்டுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் சுமார் 3 சதவீதமும், கறவையில் உள்ள ஆட்டுக்கு 4 முதல் 5 சதவீதமும் உலர்பொருள் வேண்டும். 45 கிலோ கறவை ஆடு என்றால் 4 சதவீதக் கணக்கில் 1.8 கிலோ. அதில் 1.2 கிலோவைத் தழையில் கொடுப்பதென்றால், காய்ந்தால் கால் கிலோ நிற்கும் தழையில் தினம் 4.8 கிலோ வெட்ட வேண்டும். மீதி 0.6 கிலோ உலர்தீவனமும், தானியம், பிண்ணாக்கு போன்ற அடர்தீவனமும். மழை முடிந்து எங்கும் பச்சையாக இருக்கும் மாதத்தில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஆண்டிலேயே வறட்சியான மாதத்தில் எவ்வளவு தழை கிடைக்குமோ, அதுதான் உங்கள் பண்ணையின் கொள்ளளவு.

பெரிய ஆடா, சின்ன ஆடா என்ற கேள்விக்கு இங்கே ஓர் உடலியல் விதி குறுக்கே வருகிறது. உயிரோடு இருப்பதற்கு மட்டும் உடல் செலவிடும் ஆற்றல் எடையோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, எடையின் 0.75 அடுக்கை ஒட்டிக் கூடுகிறது. 60 கிலோ ஆட்டின் எடை 20 கிலோ ஆட்டைப் போல மூன்று மடங்கு, ஆனால் பராமரிப்புத் தீனி சுமார் 2.3 மடங்குதான். ஒரு 60 கிலோ ஆட்டுக்குப் பதில் மூன்று 20 கிலோ ஆடுகளை வைத்தால் பராமரிப்புத் தீனி ஏறக்குறைய 30 சதவீதம் கூடும்.

அப்படியானால் சின்ன இனங்கள் நட்டமா? குட்டிகளை எண்ணிப் பார்த்தால் இல்லை. வங்கக் கறுப்பு ஆடு சுமார் 20 கிலோதான் இருக்கும். ஈத்துக்கு இரண்டு சகஜம், மூன்றும் வரும், இரண்டு ஆண்டில் மூன்று ஈத்துவரை ஈனும். தழை குறைந்தால் மூன்றில் ஒன்றை விற்றுச் சுமையைக் குறைக்கலாம். ஒற்றைப் பெரிய ஆட்டில் அது முடியாது. ஆனால் இந்த இனத்துக்கு மடி சிறியது. மூன்று குட்டி போட்டால் மூன்றாவது பெரும்பாலும் காம்புக்கு முண்டியடிக்க முடியாமல் மெலியும். பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் அதற்குச் சீம்பால் கிடைத்ததா என்று நின்று பார்த்து, பிறகு புட்டிப் பால் கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் ‘மூன்று குட்டி இனம்’ என்ற பெருமை ஏட்டில்தான் இருக்கும்.

பாலுக்காக வளர்ப்பவர்கள் அளவை மட்டும் பார்த்து ஏமாறுவதுண்டு. சானென் பாலில் கொழுப்பு 3 முதல் 3.5 சதவீதம், ஆங்கிலோ நூபியனில் 4.5 சதவீதத்தை ஒட்டி, குள்ள இனமான நைஜீரியன் டுவார்ஃபில் 6 சதவீதம் வரை. பாலாடைக்கட்டி செய்கிறவருக்குக் குறைவான ஆனால் கெட்டியான பால் லாபமாக முடியலாம். காம்பையும் பாருங்கள். குள்ள ஆட்டின் குட்டைக் காம்பை இரண்டு விரலால்தான் கறக்க முடியும். தினம் இரு வேளை, மாதக்கணக்கில் என்றால் அது சிறிய விஷயமல்ல.

அதிகப் பால் இனங்களின் உடல் இன்னொரு விதத்திலும் வேறுபட்டது. தீனி போதாதபோது அவை பாலை உடனே குறைப்பதில்லை. உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பாலாக்கும். அளவு மீறினால் கரையும் கொழுப்பைக் கல்லீரலால் சமாளிக்க முடியாமல் கொழுப்பு கரைவதில் உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேர்ந்து, ஆடு தீனியை விட்டு ஒதுங்கிப் படுத்துவிடும். இரண்டு மூன்று குட்டி சுமக்கும் எந்த இனத்துக்கும் ஈனுவதற்கு முந்தைய ஆறு வாரத்தில் இதே ஆபத்து உண்டு. வளரும் கருப்பை வயிற்றில் இடத்தைப் பிடித்துக்கொள்ள, தேவை ஏறும் நேரத்திலேயே தின்னும் அளவு குறைகிறது. இதற்கு மருந்தைவிடத் திட்டம் நல்லது: அந்த ஆறு வாரத்தில் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் குவித்துக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி அது வேறு வியாதியாகும். ஆரம்பச் சினையிலேயே கொழுக்க வைப்பதும் தவறு.

இறைச்சி என்றால் எல்லோர் வாயிலும் வருவது தென்னாப்பிரிக்காவின் போயர். தசைப்பிடிப்பான உடம்பு, வேகமான வளர்ச்சி, எல்லாம் உண்மை. ஆனால் அது உருவானது வறண்ட புதர்க்காட்டில். ஈரமான, குட்டைப் புல் மேய்ச்சலில் விட்டால் இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவான ஹீமாங்கஸுக்கு எளிதில் இரையாகிறது. இந்தப் புழுவின் இளம்புழுக்கள் பெரும்பாலும் தரையிலிருந்து நாலைந்து அங்குலத்துக்குள் ஈரப் புல்லில் இருக்கும். இலைதழையைத் தலைநிமிர்ந்து கடிக்கப் பிறந்த விலங்கைக் குனிந்து மேய வைத்தால், புழுவைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரிதான். நியூசிலாந்தில் 1980களில் உருவான கீக்கோ இனத்தில் நேர்மாறான வழியைப் பின்பற்றினார்கள்: காட்டில் திரிந்த ஆடுகளோடு பால் இனக் கிடாக்களைச் சேர்த்து, பெரிய கவனிப்பில்லாமல் பிழைத்து வளர்ந்தவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுத்தார்கள்.

எந்த இனமானாலும் மழைக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் புழுமருந்து. மந்தை முழுக்க அடிக்கடி மருந்து ஊற்றினால் மருந்துக்கு அடங்காத புழுக்களைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதாகிவிடும். அடிக்கடி வெளுக்கும் ஆட்டின் குட்டியை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள். புழுவைத் தாங்கும் திறன் ஓரளவு பரம்பரையாக வருவது.

வெப்பத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தீனி செரிக்கும்போது ஆட்டின் முதல் வயிற்றில் நொதித்தல் நடந்து வெப்பம் உண்டாகிறது. வெளியிலும் சூடு, காற்றில் ஈரமும் என்றால் அந்த வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் ஆடு தின்பதைக் குறைத்துவிடும், பாலும் குறையும். பெரிய உடம்புக்குத் தோல்பரப்பு விகிதம் குறைவு என்பதால் இது கூடுதல் சிக்கல். வெள்ளை மயிர் வெயிலைத் திருப்பும் என்பது சரியே. ஆனால் சானென் போல அடித்தோலும் வெளிறியிருந்தால் மடியும் காதும் வெந்து, நாளடைவில் தோல் புற்றுகூட வரலாம். மயிர் வெளுத்தும் தோல் கறுத்தும் இருப்பதே வெயிலுக்கு ஏற்றது.

அடுத்து, ஆண்டு முழுவதும் பால் வேண்டுமா? குளிர்நாட்டு இனங்கள் பகல் குறுகத் தொடங்கும்போதுதான் பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 150 நாள், எனவே எல்லா ஆடும் ஒரே பருவத்தில் ஈன்று, ஒரே நேரத்தில் வற்றும். பகலின் நீளம் அதிகம் மாறாத வெப்பமண்டலத்தில் உருவான இனங்கள் ஏறக்குறைய எந்த மாதத்திலும் 21 நாளுக்கு ஒருமுறை பருவம் காட்டும். இரண்டு ஆடுகளை ஆறு மாத இடைவெளியில் ஈனவைத்தால் வீட்டில் பால் அறுபடாது. ஒற்றை ஆடு எப்படியும் வேண்டாம். கூட்ட விலங்கான அது தனிமையில் கத்திக் கத்தியே தீனியைக் குறைக்கும்.

இனிமேல்தான் பலர் கோட்டை விடும் இடம். பெட்டை ஆட்டை எங்கிருந்தும் வாங்கி வரலாம், அதே இனப் பொலிகிடா பக்கத்தில் இருக்கிறதா? ஒரு கிடா 20, 30 பெட்டைகளுக்குப் போதும். மூன்று ஆட்டுக்காக ஒரு கிடாவை வைத்துக்கொண்டால் நாலாவது ஆட்டின் தீனியை அது தின்கிறது. வைத்தாலும் அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் மாற்ற வேண்டும். தந்தை மகள் சேர்க்கையில் உள்ளினப்பெருக்கக் கெழு, அதாவது நெருங்கிய உறவுக் கலப்பின் அளவு, 25 சதவீதம். கிடாக்குட்டிகளை மூன்று மாதத்திலேயே பிரிக்க வேண்டும். அந்த வயதில் என்ன ஆகும் என்று நினைப்பவர்களுக்குத்தான் திட்டமிடாத சினை கிடைக்கிறது.

உள்ளூர்ப் பெட்டையோடு வெளி இனக் கிடாவைச் சேர்ப்பது பல சமயம் புத்திசாலித்தனமான வழி. இரண்டு இனம் சேர்வதால் குட்டிக்கு வரும் கூடுதல் வலுவான கலப்பு வீரியம் முதல் தலைமுறையில் முழுமையாகத் தெரியும். அந்தக் கலப்புக் குட்டியிலேயே கிடா எடுத்து அதன் வகையறாவோடு சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அந்த வீரியத்தில் பாதி போய்விடும், குட்டிகளும் ஆளுக்கொரு தினுசாக இருக்கும்.

கொம்பில்லாத ஆடு பார்க்க வசதி. ஆனால் சானென், ஆல்பைன் முதலிய ஐரோப்பியப் பால் இனங்களில் கொம்பின்மையைத் தரும் மரபணு மாற்றம் இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால், பெண்ணாகப் பிறக்க வேண்டிய குட்டி இருபாலாகி மலடாகிறது. தலா ஒரு பிரதி கொண்ட இரண்டு கொம்பில்லா ஆடுகள் சேர்ந்தால் எட்டுக் குட்டிக்கு ஒன்று என்ற விகிதத்தில் இது வரும். ஆகவே ஜோடியில் ஒன்றாவது கொம்புள்ளதாக இருக்கட்டும். கொம்பு சுட்டு எடுக்கப்பட்டதா, இயற்கையிலேயே இல்லையா என்று விற்பவரிடம் கேளுங்கள். பிறந்த குட்டியில் சுலபம்: கொம்பு வரப்போகும் குட்டிக்கு அந்த இடங்களில் இரண்டு மயிர்ச்சுழிகள் இருக்கும்.

இனம் முடிவானபின் ஆட்டைப் பாருங்கள். கீழ்த்தாடையில் இரண்டு பெரிய பற்கள் என்றால் ஒன்று, ஒன்றரை வயது. எட்டும் முளைத்திருந்தால் நாலு வயதை ஒட்டி. மடியைக் கறந்த பின் தொட்டால் தளர்ந்து மெத்தென்று இருக்க வேண்டும். கட்டி, சூடு, ஏறுமாறான காம்பு வேண்டாம். முன்னங்கால் மூட்டு வீங்கியிருந்தால், குறிப்பாகப் பால் இனங்களில், ஆட்டின் மூட்டையும் மூளையையும் தாக்கும் சி.ஏ.ஈ. வைரஸை நினையுங்கள். சீம்பாலிலும் பாலிலும் தாயிடமிருந்து குட்டிக்குப் பரவும் அதற்குத் தடுப்பூசியும் இல்லை, சிகிச்சையும் இல்லை. இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. வாங்கியதை 30 நாள் தனியே கட்டி, புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பழைய இடத்தில் தின்ற தீவனத்தை ஒரு வாரத்துக்காவது கேட்டு வாங்கி வந்து, உங்கள் தீவனத்தை அதில் தினம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களும் இடம் மாறித்தான் வந்திருக்கின்றன, அவற்றுக்கும் பழக நாள் வேண்டும்.