"இன்னும் அஞ்சே வருஷம், டாக்டர்"

போன வாரமும் ஒருவர் வந்தார். வயது 36. ஓஎம்ஆரில் மென்பொருள் வேலை. மதியம் போனால் நள்ளிரவு தாண்டித்தான் வீடு. இரண்டு வாரமாகப் பின்னந்தலை வலி. பிபி பட்டையைக் கையில் சுற்றும்போதும் காதில் இயர்போன். கழற்றச் சொன்னால், "ஆபீஸ் கால் ஓடிட்டிருக்கு டாக்டர், மியூட்லதான் இருக்கேன்" என்கிறார். 170/110. பேச்சும் பதற்றமுமாக இருந்தால் பிபி கூடுதலாகக் காட்டும், அதனால் ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து மறுபடி பார்ப்போம். அந்த ஐந்து நிமிடத்துக்காக அவர் மனைவி போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அப்போதும் 164/106.

வேலை நேரத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். "இன்னும் அஞ்சே வருஷம், டாக்டர். ஃபிளாட் லோனை முடிச்சிட்டு எல்லாத்தையும் குறைச்சுக்கறேன்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

வாடகை, பிள்ளையின் ஃபீஸ், அம்மாவின் மாத்திரை என்று மாதக் கடைசியில் கையைப் பிசைகிறவர்களுக்கு இது இல்லை. சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி 14 மணி நேரம் வண்டி ஓட்டுவது பேராசையால் அல்ல. தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று, காலில் நரம்பு சுருண்டு வரும் பெண்களுக்கும் வேறு வழி கிடையாது. கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். "உட்கார்ந்தா சூப்பர்வைசர் திட்டுவார்" என்று இன்னமும் சொல்கிறார்கள். இவர்களிடம் போய் 'பணம் முக்கியமில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்குத் தேவை நல்ல கூலியும் ஓய்வும்தான். நான் பேசுவது, தேவைக்கு மேல் வந்த பிறகும் நிறுத்தாமல் ஓடுகிறவர்களிடம்.

அந்த ஐந்து வருஷக் கணக்கு எங்கே தப்புகிறது தெரியுமா? முதலில் பணத்திலேயே தப்புகிறது. பள்ளிக்கரணையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் வாங்குகிறார்கள். கடன் பாதி அடைவதற்குள் சம்பளம் ஏறுகிறது. உடனே மூன்று பெட்ரூம். பிறகு கார் பெரிதாகிறது, பிள்ளை இன்னும் அதிக ஃபீஸ் வாங்கும் பள்ளிக்கு மாறுகிறது, ஊர்ப்பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இஎம்ஐ. ஐந்து வருஷம் கழித்து அதே ஆள், அதே நாற்காலி, அதே பதில். கடனை முடித்ததும் சொன்னபடி வேலையைக் குறைத்தவர்களை நான் பார்த்தது மிக அபூர்வம். எங்கே நிறுத்துவது என்று தொடங்கும்போதே கணக்குப் போடாததால் வருகிற வினை இது.

அப்புறம் உடம்பு. ஐந்து வருஷமாக ஏறிக் கிடக்கும் பிபி, நீங்கள் குறைத்துக்கொள்ளும் தேதிக்காகக் காத்திருக்காது. அதற்குள் இதயத்தின் சுவர் தடித்திருக்கும், சிறுநீரகம் கெட்டு சிறுநீரில் புரதம் ஒழுக ஆரம்பித்திருக்கும். இதில் எதுவுமே வலிக்காது. வலிக்காததால்தான் 'உடம்பு தாங்குது' என்று நம்புகிறீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு மாரடைப்பு மேலை நாட்டவரைவிட ஐந்து பத்து வருஷம் முந்தியே வருகிறது. நாற்பத்தைந்தில் நிம்மதியாக உட்காரலாம் என்கிறவர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

டாக்டர்கள் பயமுறுத்துவார்கள் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-இல் மட்டும் உலகெங்கும் 7,45,000 பேர் இப்படி இறந்தார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. வாரம் 55 என்றால் ஐந்து நாளும் தினம் 11 மணி நேரம். ஓஎம்ஆரில் இதைச் சாதாரண நாள் என்கிறார்கள். தாம்பரத்திலிருந்து சிறுசேரி வந்து போகும் நேரம் தனி.

2023-இல் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் இன்னொரு பெரிய நிறுவனத்தின் தலைவர் 90 என்றார், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடியது இந்தச் சென்னைக் கடற்கரையில். 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஆலைத் தொழிலாளி போராடிக் காப்பாற்றிய நேரத்தை, ஏசி அறையில் இருப்பவர் அடுத்த சம்பள உயர்வுக்காகத் தானே தூக்கிக் கொடுப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

'கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கே' என்பார்கள். வேலையை விட்டால் அதுவும் போகும். அப்போது புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம்.

முப்பது தாண்டியவர்கள் வருஷம் ஒருமுறை பிபி, சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7-ஐத் தொட்டால் எச்சரிக்கை, 6.5 என்றால் சர்க்கரை நோய். பார்த்தால் போதாது, ரிப்போர்ட்டைத் திறந்து படிக்கவும் வேண்டும். மேலே சொன்னவருக்கு இரண்டு வருஷம் முன்பு கம்பெனி செலவில் செய்த செக்கப்பிலேயே பிபி 150/96. அந்த மெயிலை என் முன்னால்தான் முதன்முதலாகத் திறந்தார். தினம் ஏழு மணி நேரம் தூங்குங்கள். நைட் ஷிஃப்ட் என்றால் பகலில் அறையை இருட்டாக்கி, போனை வெளியே வைத்துவிட்டுப் படுங்கள். வாரம் முழுக்க விழித்ததை ஞாயிறு மதியம் வரை தூங்கிச் சரிக்கட்ட முடியாது. பிபி மாத்திரையை 'நார்மல் ஆயிடுச்சு' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையால்தான் நார்மல்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கணவனும் மனைவியுமாக ஒரு நாள் உட்கார்ந்து, மாதம் எவ்வளவு வந்தால் வீடு நடக்கும், ஆறு மாதச் செலவுக்குக் கையில் எவ்வளவு வேண்டும், எந்தக் கடன் எப்போது முடியும் என்று தாளில் எழுதுங்கள். தேதியும் போடுங்கள். அந்தத் தொகை வந்துவிட்டால், அதற்கு மேல் உழைக்கும் மணி நேரம் எதற்காக என்று இருவரும் சேர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். மனசு அழுத்தம் தாங்கவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடலாம், டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் 'கேஸ்' என்று சோடா குடித்துவிட்டு மீட்டிங்கில் உட்கார வேண்டாம், தயவுசெய்து. உடனே 108. நீங்களே பைக்கை எடுக்காதீர்கள். முதல் ஈசிஜி நார்மல் என்றாலும், டாக்டர் இருக்கச் சொன்னால் இருங்கள். சில மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் பல மாரடைப்புகள் தெரியவரும்.