டேப்பில் சிக்காத பனைகள்

மழைக்காட்டில் மரக் கணக்கெடுப்புக்குப் போனால் முதலில் சொல்லித்தரும் விதி இதுதான்: தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்று, விட்டம் 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் எழுது, இல்லாவிட்டால் அடுத்த மரத்துக்குப் போ. பல வருடம் நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஓடையோரப் பள்ளம் ஒன்றில் நின்று நோட்டைப் புரட்டியபோது பனை என்று மூன்றே பதிவுகள்தான் இருந்தன. நிமிர்ந்து பார்த்தால் முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை பனை மட்டைகள்! விரல் தடிமனில் தண்டு உள்ளவை, தண்டே இல்லாமல் தரையிலிருந்தே மட்டை விரித்தவை, பக்கத்து மரத்தைப் பற்றிக்கொண்டு உச்சிக்குப் போய்விட்ட பிரம்புகள். இவற்றில் ஒன்றுகூட என் கணக்கில் ஏறவில்லை.

பனை என்றதும் நெட்டையாக, தனியாக நிற்கும் மரம்தான் நம் மனதில் வருகிறது. ஆனால் தென்னை, கமுகு எல்லாம் சேர்ந்த பனைக் குடும்பத்தில் உலகில் உள்ள சுமார் 2,600 இனங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமண்டல மழைக்காடுகளில்தான் வாழ்கின்றன, அதிலும் ஏராளமானவை பெரிய மரங்களின் நிழலில் ஆள் உயரத்தைக்கூடத் தாண்டாதவை. பிரம்பும் பனைக் குடும்பம்தான் என்றால் இன்றும் பலர் நம்புவதில்லை. இத்தனைக்கும் அந்தக் குடும்பத்திலேயே மிகப் பெரிய பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி, பிரம்புகளின் கலாமஸ்தான், 400 இனங்களுக்கு மேல். சாட்டை போல நீளும் அதன் முள் கொடி ஒருமுறை சட்டையில் மாட்டினால் போதும், ஜென்மத்துக்கும் மறக்காது. கொக்கி முட்கள் எல்லாம் பின்னோக்கி வளைந்திருக்கும். முன்னால் இழுத்தால் துணி கிழியும், ஓரடி பின்னால் போனால்தான் விடும். அந்தக் கொக்கிகளை வைத்துத்தான் அது வெளிச்சத்தைத் தேடி மரத்தில் ஏறுகிறது.

சரி, மழைக்காடு இருக்கும் இடமெல்லாம் பனை ஒரே அளவில் இருக்கிறதா என்றால், இல்லை. போர்னியோ என்ற ஒரே தீவில் 300 இனங்களுக்கு நெருக்கமாக இருக்கின்றன. காங்கோ படுகை உலகின் இரண்டாவது பெரிய மழைக்காடு, ஆனால் ஆப்பிரிக்கப் பெருநிலம் முழுவதையும் சேர்த்தாலும் 70 இனம் தேறாது. பக்கத்திலேயே இருக்கும் மடகாஸ்கரில் 200 அளவில் உள்ளன, அவற்றில் அநேகமாக எல்லாமே வேறெங்கும் இல்லாதவை. ஆப்பிரிக்கா பல லட்சம் ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வறண்டதுதான் முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வறட்சி ஏன் பனையை இப்படி அடிக்கிறது என்பது அதன் குருத்தைப் பார்த்தால் புரியும். ஒரு தண்டுக்கு ஒரே ஒரு வளர்முனை. மற்ற சில மரங்களைப் போல இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டுத் தூங்க அதற்குத் தெரியாது. குருத்து உறைந்தாலோ, காய்ந்தாலோ, வெட்டுப்பட்டாலோ அந்தத் தண்டு முடிந்தது. இன்னொன்று, பனை வருடா வருடம் பருத்துக்கொண்டே போகும் மரம் இல்லை. பெரும்பாலான பனைகள் முதலில் தரை மட்டத்திலேயே இருந்து அடியைப் பருக்க வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் உயரத் தொடங்கும், அதற்கே பல வருடம் ஆகும். ஆகவே புல் என்று நினைத்து நான் மிதித்துப் போன கன்று, பக்கத்தில் நின்ற மெல்லிய மரத்தைவிட மூத்ததாக இருந்திருக்கலாம். சுற்றளவை வைத்துப் பனையின் வயதைச் சொல்ல முடியாது, எண்ணிப் பார்க்க ஆண்டு வளையமும் கிடையாது.

எண்ணிக்கை வேறு, வகை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். அமேசானில் சுமார் 16,000 மர இனங்கள் இருக்கலாம் என்று 2013-இல் ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அதன்படி அங்கே மிக அதிகமாக இருக்கும் மரமே ஒரு பனைதான், யூட்டெர்ப்பே பிரிகட்டோரியா, 500 கோடிக்கும் மேல். இதைக் கேட்டு, பனைக்கு என்ன குறை என்று நினைத்துவிடக் கூடாது. அதே பேரினத்தின் யூட்டெர்ப்பே எடுலிஸ், பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் இருப்பது, உண்ணும் குருத்துக்காக வெட்டி வெட்டியே பல இடங்களில் காணாமல் போய்விட்டது. ஒற்றைத் தண்டுப் பனை, வெட்டினால் திரும்பத் துளிர்க்காது. தூர் விட்டு வளரும் அசாயி பனையில் ஒரு தண்டை எடுத்தாலும் மற்றவை வளரும். எதை வெட்டுகிறோம் என்று தெரியாமல் வெட்டும்போது காடு இழப்பது இந்த இடத்தில்தான். எடுலிஸின் கதை இதோடு நிற்கவில்லை: டூக்கான் போன்ற பெரிய வாய்ப் பறவைகள் அழிந்த காட்டுத் துண்டுகளில் அதன் விதையே சிறுத்துவிட்டது, ஏனென்றால் பெரிய விதையை விழுங்கிப் பரப்ப அங்கே ஆளில்லை.

என்னை அதிகம் வருத்துவது எண்ணெய்ப்பனைத் தோட்டம்தான். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரே ஓர் இனம், உலகிலேயே பனை வகைகள் செழித்த தென்கிழக்கு ஆசியக் காடுகளை வெட்டிய இடத்தில் வரிசை வரிசையாக நிற்கிறது. மேலிருந்து எடுத்த படத்தில் அடர்ந்த பச்சைதான் தெரியும், பனையும் கோடிக்கணக்கில் இருக்கும். நான் பள்ளத்தில் பார்த்த அந்த முழங்கால் உயரப் பனைகளில் ஒன்றுகூட அங்கே இருக்காது. மடகாஸ்கரில் காடு வேறு விதமாகப் போகிறது, ஆனால் போகிறது. அங்குள்ள பனைகளில் 83 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2012-இல் ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது.

இன்னும் பெயர் வைக்காத பனைகளும் இருக்கின்றன. போர்னியோவின் பினாங்கா சப்டெரேனியா மண்ணுக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் பனை. அறிவியல் பெயர் கிடைத்தது 2023-இல்தான். ஆனால் அங்குள்ள மக்களுக்கு அது முன்பே தெரியும், அதன் பழத்தைத் தின்றும் இருக்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் ஒரு காட்டில் நுழைந்தால் டேப்பை எடுப்பதற்கு முன் அந்தக் காட்டு ஆட்களிடம் எத்தனை வகைப் பனை என்று கேட்டுவிடுகிறேன். அப்புறம் கணக்கெடுக்கும் பெரிய சதுரத்துக்குள் சின்னச் சதுரங்கள் போட்டு, கன்று, பிரம்பு, தண்டில்லாதது எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறோம்.

நீங்கள் காட்டில் ஒரு பனையைப் பார்த்தால் முழு மரத்தையும் ஒரே படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், அதை வைத்துப் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல முடியாது. மட்டையின் அடி தண்டைத் தழுவும் இடம், ஓலையின் அடிப்பக்கம், முள் எந்தப் பக்கம் வளைகிறது, பாளை மட்டைகளுக்கு நடுவிலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா, தூரில் எத்தனை தண்டு, இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். வெட்டிப் பறிக்க வேண்டாம்.