காதலில் சதி ஏது?

போன வாரம் அண்ணன் மகள் கைப்பேசியை நீட்டி, "சித்தப்பா, இதுல யாரு சதி பண்றா?" என்று கேட்டாள். சூப்பர் ஹீரோக்கள் கூட்டணி போட்டுச் சண்டையிடும் பழைய 'ஜஸ்டிஸ் லீக்' கார்ட்டூன் தொடருக்கு ஓர் ஓடிடி தளம் தமிழில் போட்டிருந்த அறிமுகக் குறிப்பு அது. சண்டை, சாகசம் எல்லாம் சொல்லிவிட்டு, "காதல் துணை சதிகளும்" உண்டு என்று முடித்திருந்தார்கள். முக்கியக் கதையோடு கூடவே ஓடும் காதல் கதையை ஆங்கிலத்தில் 'ரொமான்டிக் சப்பிளாட்' என்பார்கள். அதை இப்படித் தமிழாக்கிப் பார்ப்பது எனக்கு இது நாலாவதோ ஐந்தாவதோ தடவை. இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

சொல் வரலாற்றைச் சட்டென்று முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் 'பிளாட்' என்றால் முதலில் துண்டு நிலம். மனை விற்பவர்கள் இன்றும் அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள். சதி என்று பொருள்படும் 'கொம்ப்ளோ' என்ற பிரெஞ்சுச் சொல்லின் நிழல் விழுந்து சதியும் அதற்குள் புகுந்தது. ரகசியத் திட்டம் என்ற பொருள் வழியாக அது கதையின் அமைப்புக்கும் பெயரானது. 'சப்' என்பது லத்தீன். கீழே, அடியில் என்று பொருள். 'ரொமான்டிக்' பழைய பிரெஞ்சு வழி வந்தது. லத்தீனில் எழுதாமல் மக்கள் பேச்சில் எழுதிய கதைகளுக்கு இருந்த பெயர் பிறகு காதலோடு ஒட்டிக்கொண்டது.

ஆக, அகராதியில் மூன்று பொருள் இருக்க, நடுவில் இருந்ததை யாரோ உருவிவிட்டார்கள். முதல் பொருளை உருவியிருந்தால் 'காதல் துணை மனை' ஆகியிருக்கும். பதிவு அலுவலகத்தில் ஒருவேளை செல்லும். போதாததற்குத் தமிழில் 'காதல் துணை' என்றால் காதலனோ காதலியோ. அதன் பக்கத்தில் 'சதி' என்று போட்டால், கூடவே இருந்து குழி பறிப்பவரின் கதை என்றுதானே எந்தக் குழந்தையும் படிக்கும்? அண்ணன் மகள் கேட்டதில் தப்பே இல்லை.

சரி, சதியை மொழிபெயர்ப்பு எந்திரத்தின் தலையில் கட்டிவிடலாம். எனக்கு உண்மையான வழக்கு 'கிளைக்கதை'யோடு. படித்தவர்கள், நன்றாக எழுதுகிறவர்கள், கொஞ்சமும் யோசிக்காமல் 'சப்பிளாட்'டுக்குப் பயன்படுத்தும் சொல் அது. நல்ல தமிழ்ச் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். அமுதசுரபியில் முதல் பிச்சை யாரிடம் வாங்குவது என்று வரும்போது, காயசண்டிகை ஆதிரையின் கதையைச் சொல்கிறாள். கணவன் சாதுவன் கப்பலேறிப் போனது, கப்பல் உடைந்து நாகர் நாட்டில் ஒதுங்கியது, அவன் இறந்தான் என்று கேட்டு ஆதிரை தீயில் இறங்கியது, தீ அவளைச் சுடாதது. இது முடிந்ததும் மணிமேகலை ஆதிரையிடம் பிச்சை வாங்கப் போய்விடுகிறாள். பாரதத்தில் காட்டில் இருக்கும் தருமனுக்கு முனிவர் சொல்லும் நளன் கதையும் இப்படித்தான். கதைக்குள் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது. வேறு ஆட்கள், வேறு ஊர், தனக்கென்று ஒரு தொடக்கமும் முடிவும். ஒடித்து வேறு இடத்தில் நட்டாலும் வளரும். நளன் கதையைத் தனி நூலாகவே பாடினார்களே! இதைத்தான் நம் ஆசிரியர்கள் கிளைக்கதை என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

இப்போது 'ஜஸ்டிஸ் லீக்' தொடருக்கு வாருங்கள். 2001-இல் தொடங்கியது. பச்சை மோதிரக்காரர் ஜான் ஸ்டூவர்ட்டும், இறக்கையும் தண்டாயுதமுமாகப் பறக்கும் ஷயேராவும் ஆரம்பத்தில் முறைத்துக்கொண்டே திரிகிறார்கள். இருவரும் படையில் இருந்தவர்கள். யார் சொன்னதை யார் கேட்பது என்றே பாதி வாக்குவாதம். இவர்களுக்குள் முளைக்கும் காதலுக்கென்று பெரும்பாலும் தனிக் காட்சி கிடையாது. சண்டைக்கு நடுவில் ஒரு பார்வை, காயம்பட்டவரைத் தூக்கும்போது ஒரு பதற்றம், அவ்வளவுதான். 2003 கடைசியில், லாஸ் வேகாஸ் நகரில் ஜோக்கர் வெடிகுண்டு வைக்கும் கதையின் முடிவில் அவள் முகமூடி விலக, முத்தமிட்டுக்கொள்கிறார்கள். 2004-இல் வந்த மூன்று பாக 'ஸ்டார்கிராஸ்ட்' கதையில் எல்லாம் தலைகீழ். ஷயேரா தன் கிரகத்துப் படை அனுப்பிய உளவாளி, அந்தப் படைத்தலைவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள் என்று தெரிகிறது. பூமியே அழியப்போகிறது என்று தெரிந்ததும் தன் இனத்துக்கு எதிராகத் திரும்பி நண்பர்களுக்கு உதவுகிறாள். பிறகு அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர்கள் வாக்கெடுக்க, முடிவைக் கேட்காமலே விலகிப் போகிறாள்.

இதில் கிளை எங்கே இருக்கிறது? அந்தக் காதலை உருவிப் பாருங்கள். படையெடுப்பு வரும், சண்டை நடக்கும், ஆனால் அவள் செய்த துரோகம் யாருக்கும் வலிக்காது. இரண்டு பருவமாக எங்கோ ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றுதான் முடிவின் கனத்தையெல்லாம் தாங்குகிறது. கிளையை வெட்டினால் மரம் நிற்கும். இதை இழுத்தால் துணியே பிரிந்துவிடும்.

(சதி என்ற சொல் தற்செயலாகப் பொருந்துகிற ஒரே காதல் இதுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குருட்டுக் கல் சில சமயம் மாங்காயில் பட்டுவிடும்.)

பாரிஸ் நகரத்தில் நடக்கும் 'மிராக்குலஸ்' தொடரில் இது இன்னும் அப்பட்டம். மரினெட் வகுப்புத் தோழன் ஏட்ரியனை விரும்புகிறாள். ஏட்ரியனோ, முகமூடி போட்டு கேட் நுவாராக மாறியதும், தன்னோடு சேர்ந்து சண்டையிடும் லேடிபக்கை விரும்புகிறான். லேடிபக் மரினெட்தான் என்று அவனுக்குத் தெரியாது. கேட் நுவார் ஏட்ரியன்தான் என்று அவளுக்கும் தெரியாது. ஆள் இரண்டு, காதல் நாலு. முக்கோணக் காதல் பார்த்தே பழகிய நமக்கு இது புதுக் கணக்கு. அகப்பாடலில் தலைவன், தலைவிக்குப் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியர் விதி வைத்தார். இங்கே பெயரைச் சொன்னால் கதையே முடிந்துவிடும்! வில்லன் வேறு ஏட்ரியனின் அப்பா. இதைப் போய் கிளைக்கதை என்றால் அடிமரம் எது?

'துணைக்கதை' என்பாரும் உண்டு. ஆங்கில 'சப்' வந்தாலே 'துணை' போடுவது அலுவலகப் பழக்கம். ஆனால் அலுவலகத்திலேயே சப்-ரிஜிஸ்திரார் சார் பதிவாளர்தான். நிலத்தைப் பிரித்தால் உட்பிரிவு. ஒரே முன்னொட்டுக்கு இடத்துக்கு ஒரு சொல் கண்டுபிடிக்கத் தெரிந்த மொழி கதைக்கு மட்டும் ஏன் சோம்பல்படுகிறது? துணை என்றால் உதவிக்கு வந்தது, வராவிட்டாலும் பாதகமில்லை என்ற தொனி வந்துவிடுகிறது. 'உபகதை' வடமொழி என்பதற்காக அதை ஒதுக்கவில்லை. தனித்தமிழ் வெறி எனக்குக் கிடையாது. அதுவும் நளன் கதை மாதிரியானவற்றுக்கே நெடுநாளாக உழைத்த சொல் என்பதுதான் தடை.

என் ஓட்டு 'இழை'க்கு. புதிதாக ஆக்கியதும் அல்ல. 'பிளாட்' என்பதற்குத் தமிழ்த் திறனாய்வில் கதைப்பின்னல் என்ற அருமையான சொல் இருக்கிறது. பின்னல் என்று ஒப்புக்கொண்ட பிறகு அதில் இருப்பது இழைதானே? பட விமர்சனத்தில் 'மெல்லிய காதல் இழையோடுகிறது' என்று எத்தனை முறை படித்திருப்போம்! கையில் இருந்த சொல்லை விட்டுவிட்டு அகராதிக்கு ஓடியிருக்கிறோம். பொதுவாகக் கதையிழை, காதலாக இருந்தால் காதல் இழை, கதாநாயகனுக்கும் அப்பாவுக்கும் பகை என்றால் பகை இழை. இணையத்தில் தொடர் உரையாடலையும் இழை என்கிறார்களே, குழப்பம் வராதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். காதல் இழை என்று படித்துவிட்டு யாரும் பின்னூட்டம் போடக் கிளம்ப மாட்டார்கள்.

இந்தத் துறையில் மற்ற சொற்களின் நிலைமையும் மோசம்தான். நாயகன் விரும்பும் பெண்ணை ஆங்கிலத்தில் 'லவ் இன்ட்ரஸ்ட்' என்பார்கள். அதை அப்படியே 'காதல் ஆர்வம்' என்று எழுதுகிறார்கள். யாருக்கு எதில் ஆர்வம்? இரண்டு பாத்திரங்கள் சேர வேண்டும் என்று ரசிகர்கள் ஆசைப்படுவதை ஆங்கிலத்தில் 'ஷிப்பிங்' என்பார்கள். 'ரிலேஷன்ஷிப்' என்பதன் வால் அது. அதைக் 'கப்பல் போக்குவரத்து' என்று போட்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். காட்சியைப் பார்க்காமல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் துறைமுகத்தில்தான் போய் நிற்கும்.

அப்புறம், அண்ணன் மகள் அந்தத் தொடரை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று, அதன் தொடர்ச்சியான 'ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்' தொடரில், மந்திரத்தால் பன்றியாகிவிட்ட வொண்டர் வுமனை மீட்பதற்காக பேட்மேன் மேடையேறிப் பாட்டுப் பாடும் கதையைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"சித்தப்பா, இவங்க ரெண்டு பேருக்குள்ள ஏதோ ஓடுது."