குட்டையாக வெட்டப்பட்ட அம்பை நீட்டலாமா?

அளவு தவறிக் குட்டையாக வெட்டப்பட்ட அம்புகளை எப்படியாவது நீட்டித் தர முடியுமா என்று வில்வித்தை பழகும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு டஜன் கார்பன் அம்புகளின் விலை நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறிய தொகை அன்று என்பதால், அவற்றை ஒதுக்கிவைக்க மனம் வராதது இயல்பே. பயிற்சி அளிப்பதோடு அம்பு கட்டித் தரும் வேலையும் செய்பவன் என்ற முறையில் நான் சொல்லும் விடை, அம்பு எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. மர அம்பையும் மூங்கில் அம்பையும் முன்பக்கத்தில் முறையாக ஒட்டுப்போட்டு நீட்டலாம். கார்பன், அலுமினியத் தண்டுகளை ஒருபோதும் ஒட்டி நீட்டக் கூடாது.

குட்டை அம்பை அப்படியே எய்தால் என்ன ஆகும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நாணை முழுமையாக இழுக்கும்போது அம்பின் முனை, வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டைத் தாண்டிப் பின்னால் வந்துவிட்டால், அது சரிந்து வில்லைப் பிடித்திருக்கும் கையின் பக்கமாக விழும். பார்வை முழுவதும் இலக்கில் இருக்கும் வில்லாளி அதைக் கவனிக்காமலே நாணை விடக்கூடும். அந்த நொடியில் அம்பு கட்டைவிரலின் அடிப்பகுதியிலோ மணிக்கட்டிலோ பாயும், அல்லது வில்லின் கைப்பிடிப் பகுதியில் மோதிச் சிதறும். கார்பன் அம்பாக இருந்தால் அதன் இழைகள் ஊசிகளைப் போலப் பிரிந்து சதைக்குள் தங்கிவிடும். அவை எக்ஸ்ரே படத்தில் எளிதில் தெரியாது என்பதால் மருத்துவரின் வேலையும் கடினமாகிறது.

காயம் ஏற்படாவிட்டாலும் வேறொரு கெடுதி உண்டு. அம்பு போதவில்லை என்பதை உடல் உணர்ந்துகொண்டு, இழுப்பைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். பின்கை முழங்கை முழுதாகச் சுழன்று வராது. முதுகுத் தசைகள் செய்ய வேண்டிய வேலையைத் தோளும் புஜமும் ஏற்றுக்கொள்ளும். இப்படிச் சில மாதங்கள் பழகிய மாணவரின் நிலையைத் திருத்துவது, புதிதாக வருபவருக்குச் சொல்லித் தருவதைவிடக் கடினம்.

இந்தத் தவறு பெரும்பாலும் அளவெடுப்பதில் தொடங்குகிறது. அம்பின் நீளம் என்பது, பின்முனையில் நாணைக் கவ்வும் சிறு துண்டான நாக்கின் (nock) பள்ளத்திலிருந்து தண்டு முடியும் இடம் வரையுள்ள தூரம். முனை அதில் சேராது. முனையையும் சேர்த்து அளந்து கடைக்கு எழுதி அனுப்பியதால் முழுத் தொகுதியும் குட்டையாகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். இரு கைகளையும் விரித்த நீளத்தை 2.5-ஆல் வகுத்து இழுப்பு நீளத்தைக் கணிப்பது தோராயமான வழி. வில்லைத் தேர்வு செய்ய அது போதும், அம்பை வெட்டப் போதாது. இன்னொரு காரணத்தைப் பலர் கருதுவதே இல்லை. தொடக்க நிலை மாணவர் முதல் மாதத்தில் இழுக்கும் நீளம் அவருடைய உண்மையான நீளம் அன்று. தோள்கள் நேர்கோட்டுக்கு வரவர, உடல் வளர்ச்சி நின்றுவிட்ட பெரியவர்களுக்கும்கூட இழுப்பு ஓர் அங்குலம்வரை கூடலாம். வளரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கார்பன் அம்பைப் பொறுத்தவரை நேர்மையான வழிகள் மிகக் குறைவு. சில மெல்லிய தண்டுகளில் உட்செருகும் நாக்கை எடுத்துவிட்டு, ஊசி போன்ற உலோகப் பின் (pin) பொருத்தி அதன்மேல் நாக்கை அமர்த்தினால் சிறிதளவு நீளம் கிடைக்கும். அந்தத் தண்டுக்கென்றே தயாரிப்பாளர் விற்கும் நீண்ட இன்சர்ட் (முனையைப் பொருத்தத் தண்டுக்குள் செருகும் துண்டு) இருந்தால் முன்பக்கத்திலும் சிறிது கூட்டலாம். இரண்டையும் சேர்த்தாலும் கிடைப்பது அற்பமே. ஓர் அங்குலத்துக்கு மேல் குறைவாக உள்ள அம்பை இவை காப்பாற்றா. நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லில், முழு இழுப்பை ஒலியால் உணர்த்தும் கிளிக்கரை உள்ளே தள்ளி வைப்பதும் அதன் தகடு இடம் தரும் வரையில்தான் உதவும். ரெஸ்ட்டையே பின்னுக்குக் கொண்டுவரலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிப்படி, ரெஸ்ட்டில் அம்பு அழுந்தும் புள்ளி கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து ரிகர்வ் வில்லில் 4 சென்டிமீட்டருக்கும் கப்பிகள் கொண்ட காம்பவுண்ட் வில்லில் 6 சென்டிமீட்டருக்கும் மேல் பின்னால் இருக்கக் கூடாது.

செய்யவே கூடாதது, இரண்டு துண்டுகளை உள்ளே ஒரு கம்பி செருகி எபாக்ஸி பசையால் ஒட்டுவது. கல்லூரி மாணவர் ஒருவர் அவ்வாறு ஒட்டிய அம்புகளைக் கொண்டுவந்தபோது, அவற்றில் ஒன்றை லேசாக வளைத்துச் சுழற்றினேன். ஒட்டுக்கு அருகே நெறிபடும் ஓசை கேட்டது. பார்வைக்கு அந்தத் தண்டில் ஒரு கீறலும் இல்லை. நாண் பின்னாலிருந்து தள்ளும்போது முனை தன் எடையால் நகர மறுப்பதால், இடையில் உள்ள தண்டு நெருக்கப்பட்டு வில்லாக வளைகிறது. அந்த வளைவு மிகுதியாக விழும் நடுப்பகுதியில் விறைப்பான கம்பி ஒன்று இருந்தால், அது முடியும் விளிம்பிலேயே அழுத்தம் குவிந்து தண்டு உடையும். உடையும் இடம் வில்லாளியின் முன்கைக்கு நேர் மேலே இருக்கும்.

மரத்தின் கதை வேறு. மர அம்பின் முன்பக்கத்தில் கடின மரத்தை ஒட்டுவது ஐரோப்பிய அம்புக் கலையில் நெடுங்காலமாக உள்ள முறை. முன்புறம் உடைந்த அம்பைப் பழுதுபார்க்கவும் அதையே கையாளுகிறார்கள். தண்டின் முன்முனையை ஆறு, ஏழு அங்குல நீளத்துக்கு ஆப்பு வடிவில் சீவ வேண்டும். சதுரமான கடின மரக் குச்சியில் அதே நீளத்துக்கு ரம்பத்தால் பிளவு போட்டு, ஆப்பை அதற்குள் செலுத்திப் பசையிட்டு, நூலால் இறுகக் கட்டி ஒரு நாள் முழுவதும் விட்டுவிட வேண்டும். காய்ந்தபின் இழைத்து உருட்டினால் இரு மரங்களும் ஒரே தண்டாகிவிடும். பிளவு முடிந்தபின் எஞ்சும் கெட்டிப் பகுதியே நமக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நீளம். ஒட்டும் பரப்பு நீளமாக இருப்பதும், அது அதிகம் வளையாத முன்பகுதியில் அமைவதுமே இந்த முறையின் பலம். வேங்கை போன்ற கடின மரம் இதற்கு ஏற்றது. தேக்கிலும் தோதகத்தியிலும் இயற்கையான எண்ணெய் இருப்பதால், அசிட்டோனால் துடைக்காமல் ஒட்டினால் பசை பிடிக்காது. மரத்தின் ரேகை தண்டுக்கு இணையாக ஓடுகிறதா என்பதைப் பார்த்த பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும்.

மூங்கிலுக்கு இது இன்னும் எளிது. முன்வாயில் கடின மரக் குச்சியைச் செருகிப் பசையிட்டு, மூங்கில் வெடிக்காதபடி வெளியே நூல் சுற்ற வேண்டும். இப்படிச் செருகுவது மிகப் பழைய முறை. 1991-இல் ஆல்ப்ஸ் பனிமலையில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5300 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்ஸி என்ற மனிதனின் அம்பறாத்தூணியில் இருந்த இரண்டு முழுமையான அம்புகளில் ஒன்றின் முன்பகுதி, வேறொரு கடின மரத்தைச் செருகியே செய்யப்பட்டிருந்தது. எகிப்தியரின் நாணல் அம்புகளிலும் இத்தகைய மர முன்தண்டைக் காணலாம்.

நீட்டிய அம்பு பழைய அம்பைப் போலப் பறக்காது என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். நீளம் கூடினால் தண்டு அதிகம் வளையும். ஓர் அங்குலம் கூடுவதை வில்லின் இழுவிசை ஏறத்தாழ 5 பவுண்டு கூடியதற்குச் சமமாகக் கணக்கிடுவது வழக்கம். கடின மரம் முன்னால் எடையைக் கூட்டுவதால் வளைவு மேலும் மிகும். தொகுதியில் ஓர் அம்பை மட்டும் நீட்டிப் பயனில்லை. போட்டியில் ஒரு சுற்றுக்கு எய்யும் அம்புகள் அனைத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதியும் உள்ளது.

குட்டை அம்பை எய்வதற்கென்றே உருவான கருவிகளும் உண்டு. கொரியர்கள் பியோன்ஜோன் என்னும் குறு அம்பைப் பிளந்த மூங்கில் குழாய்க்குள் வைத்து எய்தார்கள். துருக்கியர்கள் தொலைதூர எய்தலுக்குக் கையில் சிப்பெர் என்னும் தாங்கியை அணிந்தார்கள். அவை தனிப்பயிற்சி வேண்டும் கலைகள். பயிற்சித் திடலில் அவற்றைப் போலச் செய்துபார்க்க எந்த மாணவரையும் நான் அனுமதிப்பதில்லை.

ஆகவே, கார்பன் தொகுதி குட்டையாகிவிட்டால் இழுப்பு நீளம் குறைந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துவிடுங்கள். வெட்டப்பட்ட தண்டு விறைப்புக் கூடியதாக இருக்கும் என்பதால், இழுவிசை குறைந்த வில்லுக்கு அது முழுமையாகப் பொருந்தாது; ஆனாலும் அருகில் உள்ள இலக்கில் பழக அது போதும். அடுத்த தொகுதி வாங்கும்போது, அங்குலக் குறியிட்ட அளவு அம்பை லேசான வில்லில் பூட்டி, மாணவர் பல முறை முழுமையாக இழுக்கையில் ரெஸ்ட்டுக்கு நேரே வரும் குறியை வேறொருவர் படிக்க வேண்டும்; எக்காரணம் கொண்டும் அந்த அம்பை விடக் கூடாது. கிடைத்த அளவுகளில் மிக நீண்டதோடு குறைந்தது இரண்டு அங்குலமும், வளரும் பிள்ளையாக இருந்தால் அதற்கு மேலும் கூட்டுங்கள். முதலில் ஓர் அம்பை மட்டும் வெட்டி, முனை பொருத்தி, அவரை இழுக்கச் செய்து பக்கவாட்டில் நின்று பார்த்த பிறகு மற்றவற்றை வெட்டுங்கள்.